வேண்டாம் இந்த விபரீத விளையாட்டு

பிழைப்புத் தேடி வந்த ஊரில் ஒரு குடும்பம் காலூன்றிவிட்டது என்பதற்கு முன்பெல்லாம் சைக்கிள் அடையாளமாக இருந்தது. இன்று அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா, புத்தூர், நகரி, சத்தியவேடு ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, மாதச் சம்பளத்தையோ தினக் கூலியையோ நம்பி இருப்பவை. கையில் இருந்ததை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை ஒப்புக்கொண்டு வாங்கிய வண்டிதான் வீட்டுத் தலைவரை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. ரேஷன் அரிசி மூட்டையும் அதில்தான் வருகிறது. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மாலையில் அந்த வண்டியின் சாவி பையன் கைக்கு மாறுகிறது. அதன் பிறகு வண்டி எங்கே போகிறது, அதில் என்ன நடக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

என்ன நடக்கிறது என்பதை ஊரறியக் காட்ட இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. ஹெல்மெட்டின் உச்சியிலோ தாடைப் பக்கத்திலோ ஒட்டிக்கொள்ளும் தீப்பெட்டி போன்ற சிறிய காமிரா அது. ஓட்டுபவரின் கண் காண்பதை எல்லாம் அதுவும் காண்கிறது. முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி ஓட்டுவது, இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளிவருவது, கையை விட்டுவிட்டு இருக்கைமேல் எழுந்து நிற்பது ஆகிய வித்தைகள் எல்லாம் படமாகி யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏறுகின்றன. வித்தை தவறி விழுந்தாலும் அந்தப் படமும் ஏறுகிறது. சொல்லப்போனால், சரியாக முடிந்த வித்தையைவிடத் தவறி விழுந்த வித்தையைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்.

இந்தக் கூட்டத்தில் பெரும் பகுதி பள்ளி, கல்லூரி மாணவர்கள் என்பதுதான் கவலைக்குரியது. பார்ப்பதோடு நின்றுவிட்டால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். பார்த்ததைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசைக்கான விலை என்ன, அதைக் கொடுப்பவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

தாமல் சொல்லும் பாடம்

2023 செப்டம்பர் 17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் நடந்த சம்பவம் தமிழ் தெரிந்த இளைஞர் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் பயணப் படங்களால் லட்சக்கணக்கான இளைஞர்களைக் கவர்ந்திருந்த யூடியூபர் டி.டி.எப். வாசன், விலை உயர்ந்த வண்டி ஒன்றில் சென்றபோது முன் சக்கரம் மேலே எழும்பி, வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தது. அவர் தூக்கி எறியப்பட்டார். கை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது.

சாகசம் செய்து விபத்து ஏற்படுத்தினார் என்று பாலுசெட்டிசத்திரம் போலீசார் வழக்குப் பதிவு செய்து, 19-ந் தேதி அவரைக் கைது செய்தனர். மாடுகள் குறுக்கே வந்ததால் பிரேக் போட நேர்ந்தது என்றும், வேண்டுமென்று செய்ததல்ல என்றும் அவர் தரப்பில் கூறப்பட்டது. அக்டோபர் 5-ந் தேதி சென்னை ஹைகோர்ட் ஜாமீன் தர மறுத்துவிட்டது. மனுவை விசாரித்த நீதிபதி சி.வி. கார்த்திகேயன், அந்த வண்டியை எரித்துவிட்டு யூடியூப் பக்கத்தையும் மூடிவிடலாம் என்ற கருத்தில் கடுமையாகப் பேசியது எல்லாப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. மறுநாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு அவருடைய டிரைவிங் லைசென்ஸ் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. 2033 அக்டோபர் வரை அவர் சட்டப்படி வண்டி ஓட்ட முடியாது. நவம்பர் 1-ந் தேதிதான் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது.

அந்த விசாரணையில் பேசப்பட்ட இன்னொரு விஷயம்தான் தொழிலாளர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. வண்டியின் விலை சுமார் 20 லட்ச ரூபாய். உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடை லட்சக்கணக்கில் விலை பெறும். விழுந்தவரைக் காப்பாற்றியது அந்த உடை. அவரைப் பார்த்து ஆசைப்படும் பையன்களிடம் அந்த உடை இல்லை. பெற்றோரை நச்சரித்து இரண்டு லட்ச ரூபாய் வண்டி வாங்குகிறார்கள். அதற்கும் வழியில்லாத சிலர் தவறான வழியில் போகிறார்கள் என்ற கவலை நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது.

இதை இப்படியும் சொல்லலாம். வித்தை காட்டுபவருக்கு ஒவ்வொரு படமும் வருமானம். கூட்டம் சேரச் சேர விளம்பரப் பணம் வருகிறது; கம்பெனிகள் பொருள்களை அனுப்புகின்றன; விழுந்தாலும் செய்தி, எழுந்தாலும் செய்தி. பார்த்துவிட்டுச் செய்கிற பையனுக்கு அதில் ஒரு காசு வருமானம் இல்லை. அவன் உடம்பில் இருப்பது ஒரு டி-ஷர்ட். காலில் ரப்பர் செருப்பு. வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. தவணை இன்னும் முடியவில்லை.

எழுந்தவர் படம், எழாதவர் படம்

இந்தப் படங்களைப் பார்க்கும் இளைஞர் மனத்தில் ஒரு தப்புக் கணக்கு பதிந்துவிடுகிறது. பத்துப் படம் பார்த்தால் பத்திலும் விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, 'ஒன்றும் ஆகவில்லை' என்று கட்டை விரலைக் காட்டுகிறார். ஆகவே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறது. எழுந்து வந்தவரால்தான் படத்தை ஏற்ற முடியும் என்பது நினைவுக்கு வருவதில்லை. எழாதவரின் காமிரா போலீஸ் நிலையத்தில் சாட்சிப் பொருளாக இருக்கிறது. அந்தப் படத்துக்கு ரசிகர் கிடையாது.

உத்தரகண்ட் மாநிலம் டேராடூனைச் சேர்ந்த அகஸ்தய் சௌஹான் என்ற யூடியூபருக்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ரசிகர்கள் இருந்தார்கள். அபாயகரமாக ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை வாசகமும் அவர் படங்களில் உண்டு. 2023 மே 3-ந் தேதி, ஆக்ராவிலிருந்து டில்லி செல்லும் யமுனா எக்ஸ்பிரஸ் சாலையில், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட முயன்றபோது, வண்டி கட்டுப்பாடிழந்து நடுத்தடுப்பில் மோதியது. அவர் போட்டிருந்த ஹெல்மெட் துண்டு துண்டாகச் சிதறியது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இருபதுகளில் இருந்த இளைஞர். எச்சரிக்கை வாசகம் அதை எழுதியவரையே காப்பாற்றவில்லை.

300 கிலோமீட்டர் என்றால் என்ன என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டரில் 28 மீட்டர். அதாவது ஒரு ரயில் பெட்டியின் நீளத்தைவிடச் சற்று அதிகம். 300 கிலோமீட்டரில் 83 மீட்டர். ஏறக்குறைய நான்கு பெட்டிகள். எதிரே நாய் வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒரு விநாடி ஆகிவிடுகிறது. பிரேக் வேலை செய்யத் தொடங்குமுன் நான்கு பெட்டி தூரம் போய்விட்டது.

மோதுவதிலும் கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவதும் மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்றே. வேகம் இரண்டு மடங்கானால் அடி இரண்டு மடங்கு என்று நினைப்பது தவறு. அது நான்கு மடங்கு. 100 கிலோமீட்டரில் மோதுவது பன்னிரண்டு, பதின்மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். மாடியிலிருந்து குதி என்றால் எந்தப் பையனும் குதிக்க மாட்டான். சாலையில் அதே காரியத்தைச் சிரித்துக்கொண்டே செய்கிறான்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதில் அபாயம் இன்னும் கூடுதல். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். வண்டியை நிறுத்துவதிலும் பெரும் பங்கு முன் பிரேக்குக்கே. அந்தச் சக்கரம் தரையில் இல்லாதபோது திருப்பவும் முடியாது, சரியாக நிறுத்தவும் முடியாது. தூக்கிய வண்டியே கண்ணை மறைத்துவிடுவதால் அருகில் இருக்கும் பள்ளமும் தெரியாது. கண்ணும் கையும் கட்டப்பட்ட நிலையில் ஒருவர் பொதுச் சாலையில் போகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். எதிரே பால்காரர் வரலாம், பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வரலாம். அவர்கள் யாரும் இந்த விளையாட்டில் சேர ஒப்புக்கொண்டவர்கள் அல்ல.

காமிராவும் கண்ணை ஏமாற்றுகிறது. பரந்த காட்சியைப் பிடிக்கும் லென்ஸ் அதில் இருப்பதால் எதிரே வரும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தெரியும். ஓரத்து மரங்கள் மட்டும் பறக்கும். இடுக்கில் புகுந்து போவது எளிது என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். சாலையில் அந்த இடைவெளி இல்லை.

சாகசத்தை நேசிப்பவர்கள் ஒரு வாதம் சொல்வதுண்டு. இளமையில் துணிச்சல் வேண்டாமா, இதுவும் ஒரு விளையாட்டு அல்லவா என்று கேட்கிறார்கள். விளையாட்டுத்தான். அதற்கு இடமும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கி வருகிறது. அங்கே எதிரே வண்டி வராது, மாடு குறுக்கிடாது, டாக்டரும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்கும். அப்படிப்பட்ட இடத்திலேயே, 2023 ஆகஸ்ட் 5-ந் தேதி, தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓடிய பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்துபோனான். பயிற்சி, உடை, காவல் எல்லாம் இருந்தும் நேர்ந்த கதி அது. ஒன்றும் இல்லாத திருப்பதி புறவழிச்சாலையில் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தந்தையின் தலையில் விழும் சுமை

நாட்டின் மொத்தக் கணக்கும் மனத்தை உலுக்குவதாகவே இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஒரு நாளைக்கு 205 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். உயிரிழப்புகளில் நூற்றுக்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு; 64,105 விபத்துகள். எந்த மாநிலமும் விரும்பாத முதலிடம் இது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை குடும்பங்கள். மகன் விழுந்துவிட்டான் என்றால் முதலில் ரூயா ஆஸ்பத்திரி. எலும்பு முறிவு கடினமானது என்றால் பர்டு. தலையில் அடி என்றால் சுவிம்ஸ் அல்லது வேலூர். தந்தை சம்பளம் இல்லாத விடுப்பில் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். தாயின் கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்த பையனின் படிப்பு ஒரு வருஷம் பின்னால் போய்விடுகிறது. வண்டி உருக்குலைந்து கிடந்தாலும் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கிறது. இந்தக் காட்சிகளை எந்த ஹெல்மெட் காமிராவும் படம் பிடிப்பதில்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தால் அதுவும் கை கொடுக்காமல் போகலாம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், வண்டியால் பாதிக்கப்பட்ட பிறருக்கு இழப்பீடு தருவதற்காக ஏற்பட்டது, ஓட்டியவருக்காக அல்ல. உரிமையாளர் தாமே ஓட்டி விபத்தில் சிக்கினால் 15 லட்ச ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஓட்டியவர் உரிமையாளராக இருக்க வேண்டும்; செல்லத்தக்க லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டினால் அதற்கு அது பொருந்தாது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. பாலிசிக் காகிதத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைப்பவர்கள் பலர். படித்துப் பார்ப்பவர்கள் சிலர்.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கிவிட்டது. கர்நாடகத்தில் 2014-ல் ஒருவர் தாமே காரை அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டிக் கவிழ்ந்து இறந்துபோனார். அவருடைய மனைவியும் மகனும் பெற்றோரும் 80 லட்ச ரூபாய் இழப்பீடு கேட்டார்கள். தம் சொந்தத் தவற்றால் இறந்தவரின் வாரிசுகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று கர்நாடக ஹைகோர்ட் சொன்னதில் தலையிட சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. அது கார் என்றாலும் நியாயம் ஒன்றே. பிறர் மோதி இறந்தால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும். வித்தை காட்டி இறந்தால் கிடைக்காது. சம்பாதிக்கும் வயதில் உள்ள மகனை இழந்த குடும்பத்துக்கு இது இரண்டாவது அடி.

பையனுக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் தந்தையே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் அவன் பாதுகாவலருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம் தருகிறது. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். 25 வயது வரை அந்தப் பையன் லைசென்ஸ் பெற முடியாது. 'எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்' என்று சொன்னால் மட்டும் போதாது; அதை நிரூபிக்க வேண்டும்.

பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். அபாயகரமாக ஓட்டினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வித்தையைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு சட்டத்தில் இல்லை. 2025 மே மாதத்தில் ஒரு ஜாமீன் வழக்கில் கர்நாடக ஹைகோர்ட் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று கூறியது. ஆந்திர அரசும் மத்திய அரசும் இதைக் கவனிக்க வேண்டும்.

காமிரா பகை அல்ல

காமிராவையே தடை செய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2022-ல் கேரளப் போக்குவரத்துத் துறை அப்படி ஓர் அறிவிப்பைச் செய்தது. ஹெல்மெட்டில் வேறு பொருளைப் பொருத்தினால் அதன் காக்கும் சக்தி குறையலாம் என்பது நியாயமான கவலைதான். ஆனால் காமிராவைக் குற்றவாளியாக்குவதால் நோய் தீராது.

காமிரா நல்ல சாட்சியும் ஆகலாம். புகழ் பெற்ற கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் 2013 டிசம்பர் 29-ந் தேதி பிரான்சில் பனிச்சறுக்கில் விழுந்து தலையில் பலத்த காயமடைந்தபோது, அவர் ஹெல்மெட்டில் இருந்த காமிராவின் படத்தைத்தான் விசாரணை அதிகாரிகள் ஆராய்ந்தார்கள். அவர் மிதமிஞ்சிய வேகத்தில் போகவில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வர அது துணை செய்தது. ரயில் என்ஜினிலும் வேகத்தைப் பதிவு செய்யும் கருவி உண்டு. எந்த இடத்தில் எத்தனை வேகத்தில் போனார் என்பதை டிரைவர் மறைக்க முடியாது. பின்னால் அதைப் படித்துப் பார்க்க ஆள் இருக்கிறார். அதனால்தான் எச்சரிக்கைப் பலகையில் 30 என்று எழுதியிருந்தால் 30-ல்தான் வண்டி போகிறது.

பதிவு செய்வது தவறல்ல. பதிவானதைக் கேட்க ஆள் இல்லாததுதான் தவறு. தம் குற்றத்துக்குத் தாமே சாட்சியம் தயாரித்து, தேதி, இடம், வண்டி எண்ணுடன் ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள் இந்த இளைஞர்கள். போலீசார் தேடி அலைய வேண்டியதில்லை; உட்கார்ந்து பார்த்தால் போதும். சித்தூர், திருப்பதி மாவட்டப் போலீசார் இதற்கென்று சிலரை ஒதுக்கி, படம் ஏறிய உடனே வண்டிச் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினால், பாதி வித்தை அன்றே நின்றுவிடும்.

கூட்டம் சேர்க்கும் வெறி சாலையோடு நிற்பதில்லை என்பதைத் திருப்பதி மக்கள் நேரிலேயே கண்டார்கள். 2024 ஜூலையில், திருமலையில் தரிசனத்துக்காகக் காத்திருந்த பக்தர்களிடம், கதவைத் திறக்க வந்த தேவஸ்தான ஊழியர் போல் பாவனை செய்து ஏமாற்றிச் சிரித்த படம் வெளியாயிற்று. தாமல் விபத்தில் சிக்கிய அதே வாசனும் அவர் நண்பர்களும்தான் அதை எடுத்தவர்கள். தேவஸ்தானம் கண்டித்தது, போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். மணிக்கணக்கில் கால் கடுக்கக் காத்திருந்த ஏழைப் பக்தரின் நம்பிக்கையும் ஒரு நிமிஷப் படத்துக்குச் சரக்காகிவிட்டது. வண்டி பறிபோனால் வேறொன்று. பார்ப்பவர் இருக்கும்வரை காட்டுபவர் இருப்பார். ஆகையால் இந்தப் படங்களைத் தேடிப் பார்ப்பதும் பிறருக்கு அனுப்புவதும் அந்த விளையாட்டுக்குத் தரும் சந்தா என்பதைப் பெரியவர்களும் உணர வேண்டும். அபாயச் செயலைக் காட்டும் படங்களுக்கு விளம்பரப் பணம் கிடையாது என்று யூடியூப் போன்ற நிறுவனங்கள் உறுதியாக நின்றால் இந்தக் கடைக்கு வாடகை கட்ட முடியாமல் போகும்.

செய்ய வேண்டியவை

திருமலை மலைப்பாதையிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அலிபிரியில் புறப்பட்ட நேரத்தைக் குறித்து, வகுத்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேரும் வண்டிக்கு அபராதம் விதிக்கும் முறையைத் தேவஸ்தானம் கொண்டுவந்தது. சீக்கிரம் வந்தாயா, அதுவே குற்றம் என்ற இந்த எளிய ஏற்பாட்டில் துரத்திப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. புத்தூர், நகரி வழியாகச் சென்னை செல்லும் சாலையிலும், பூதலப்பட்டு - திருப்பதி சாலையிலும் இரண்டு சாவடிகளுக்கு இடையே பிடித்த நேரத்தைக் கணக்கிட்டு இதையே செய்யலாம்.

இன்னொரு பெரிய சாலையும் வருகிறது. பெங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸ் சாலை சித்தூர் மாவட்டத்தில் பங்காருபாளையம், குடிபாலா வழியாக அமைகிறது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு வடிவமைத்த சாலை அது. வளைவில்லாத புதுச் சாலை பையன்களைக் கூப்பிடும். வேலை முடியாத பகுதிகளில் தடுப்பும் காவலும் இப்போதே போட வேண்டும். உயிர்கள் போன பிறகு பலகை நடுவதால் பயனில்லை.

தண்டனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சென்னை ஹைகோர்ட் 2022 செப்டம்பரில் ஒரு வழி காட்டியது. சென்னை அண்ணா சாலையில் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிப் படம் போட்ட ஹைதராபாத் இளைஞர் ஒருவர் முன்ஜாமீன் கேட்டபோது, போக்குவரத்து சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் டாக்டர்களுக்கு உதவி செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சிறைக்குப் போய் வந்தவரை வீரர் என்று மாலை போடும் ரசிகர் உண்டு. விபத்து வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் வெளியே வந்து வீரம் பேச மாட்டார். இங்குள்ள நீதிமன்றங்களும் இந்த வழியைப் பின்பற்றலாம். கல்லூரிகளும் ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர்களை இந்த வார்டுகளுக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம்.

ஆனால் போலீசும் கோர்ட்டும் வருவதற்கு முன்பே காரியம் நடக்க வேண்டிய இடம் வீடு. வண்டிச் சாவி எங்கே தொங்க வேண்டும் என்பதைத் தந்தைதான் முடிவு செய்ய வேண்டும். லைசென்ஸ் இல்லாத மகனுக்குச் சாவி இல்லை என்று சொல்வதில் கண்டிப்பு வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து, பாஷை வேறான இடத்தில் நாணயமாக உழைத்து நல்ல பெயர் எடுத்த குடும்பங்கள் இவை. தாத்தா, சித்தப்பா என்று கண்டிக்க ஊரில் நாலு பேர் இருந்த காலம் போய், இங்கே தாயும் தந்தையும் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களும் ஷிப்டு வேலையில் இருந்தால் பையனுக்குத் துணை அந்தச் சிறிய திரைதான். வாரத்தில் ஒரு நாளாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்ன பார்க்கிறான் என்று தாங்களும் பார்க்க வேண்டும். கோபப்படாமல் பார்த்து, அந்தப் படம் நின்ற பிறகு என்ன நடந்திருக்கும் என்று அவனையே கேட்க வேண்டும். பதில் அவனுக்கே தெரியும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதம் முழுதும் மூட்டை தூக்கியோ, பேரேடு எழுதியோ சம்பாதித்த பணத்தில் வாங்கிய வண்டியை ஒரு கீறலும் படாமல் இரவு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்கும் திறமை வேண்டும். அதற்குக் கைதட்டக் கூட்டம் வராது. கதவுக்குப் பின்னால் விழித்திருக்கும் தாய், வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் சோற்றுக்குத் தட்டு எடுத்து வைக்கிறாள். அவளை ஏமாற்றாதிருப்பதே ஆண்மை.